வெறும் பென்டிரைவுக்கு ஒரு சான்றிதழ்

அத்தியாயம் 9

அந்தோணி அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்தபோது எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் இப்போதும் புரிந்தது.

"இன்னா மேடம் இது, கரண்டு பில்லு நம்பரா?"

அவன் விரல் வைத்த இடத்தில் மூன்று, எஃப், ஒன்பது, ஏ என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்து அறுபத்து நான்கு ஒரே வரிசையில் நின்றன. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குணசுந்தரி சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள். திருவள்ளூர் கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். அத்தனை வருஷமும் ஊரார் பொய்யையெல்லாம் மார்ஜின் விட்டு, மூன்று காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கி, அதே ஊரில் ஒரு சுவீட் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டாள். அந்தோணி அதற்கு முன் மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போதும் அதே ஆட்டோதான், சவாரி மட்டும் ஒரே ஆள்.

இருவருக்கும் நடுவில் வக்கீல் வினோதா உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தனியாக நடத்தும் முதல் கிரிமினல் வழக்கு இது. மறுநாள் காலை பொன்னேரி கோர்ட்டில் விசாரணை.

"அது கரண்டு பில் இல்லண்ணா, ஹாஷ் வேல்யூ" என்றாள் அவள். "ஒரு வீடியோவை அதுக்கான சாஃப்ட்வேர்ல போட்டா இப்படி ஒரு நம்பர் வரும். வீடியோல ஒரே ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் மொத்தமா மாறிடும். வீடியோவோட கைரேகைன்னு வச்சுக்குங்க."

எல்லாம் புதுச் சட்டம் செய்த வேலை. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூலை ஒன்றாம் தேதி கண் விழித்த வக்கீல்களுக்கு, முந்தின இரவு படுக்கும்போது தெரிந்திருந்த சட்டம் பாதி தெரியாமல் போயிருந்தது. கொலை 302-லிருந்து 103-க்கு வீடு மாறிவிட்டது. காலியான 302-ல் மத உணர்வு புண்படப் பேசுவது குடிவந்திருந்தது. வயசான வக்கீல்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய நம்பர், புது நம்பர் அட்டவணையைச் செருகி வைத்துக்கொண்டு, ஜட்ஜ் பார்க்காத நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அந்தோணிக்கு இதில் தனிப்பட்ட வருத்தமே உண்டு. மோசடிக்கு இருந்த 420 இப்போது 318. அதைச் சொல்லித் திட்டினால் எவனுக்காவது உறைக்குமா?

சாட்சியச் சட்டமும் மாறியிருந்தது. வீடியோ, ஆடியோ எதைக் கொண்டுவந்தாலும் அறுபத்து மூன்றாம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஏ பகுதியில் கேமராவுக்கோ போனுக்கோ பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட வேண்டும், பி பகுதியில் ஒரு நிபுணர். நடுவில் அந்த அறுபத்து நான்கு.

வழக்கு இதுதான். இராமலிங்கம் பழவேற்காடு ஏரிக்கரையில் ஆலமேட்டுக் குப்பத்துக்காரன். ஏரியில் வலை கட்டாத நாட்களில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு செம்புக் கம்பித் தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போவான். போன வருஷம் தன்னோடு வேலை பார்த்த முப்பது பேருக்கும் சேர்த்து நியமனக் கடிதம் கேட்டான். மூன்றே வாரத்தில் அவன் மேல் திருட்டுக் கேஸ் வந்தது. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு போட்ட நாளில், காலை பதினொன்றே காலுக்குப் பின்கேட் வழியாக வந்து செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனானாம். வீடியோவில் அவன்தான் தூக்குகிறான், சந்தேகமே இல்லை. ஆனால் அது வேறொரு வியாழக்கிழமை, சூப்பர்வைசர் சொல்லி வண்டியில் ஏற்றியது என்கிறான் இராமலிங்கம். மூலையில் தெரியும் தேதியைத்தான் மாற்றிவிட்டார்கள்.

கம்பெனி மேனேஜர் பாஸ்கர் ரொம்ப யோசித்துத்தான் லீவு நாளாகப் பிடித்திருக்கிறார். லீவில் இருந்தவன் எங்கே இருந்தான் என்று எவனுக்குத் தெரியும்? ஆனால் அந்த ஞாயிறு ஆலமேட்டுக் குப்பத்தில் பாடு போட்ட நாள். எந்த வலைக்காரன் எந்த நாள் ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஆண்கள் எல்லாரும் கூடி வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. அன்றைக்கு வராதவனுக்கு அந்த வருஷம் ஏரியில் இடம் கிடையாது. அதனால் மாமியார் செத்துக் கிடந்தாலும் வந்துவிட்டுத்தான் போவார்கள். அதே பதினொன்றே கால் மணி வாக்கில் இராமலிங்கம் பாடு எடுத்ததை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பது பேரும் அவனுக்கு மாமன், மச்சான், பங்காளி. கோர்ட்டில் அதைச் சொன்னால் கோரஸ் என்பார்கள். நல்லவேளையாக அவன் மனைவி செங்கம்மாள் டீ கொண்டுபோன சாக்கில் அதைத் தன் போனில் வீடியோ எடுத்திருந்தாள்.

இந்த வருஷத்துப் பாடு வருகிற ஞாயிற்றுக்கிழமை. திருட்டுக் கேஸ் இருக்கிறவன் பேரைச் சீட்டில் எழுதுவதில்லை என்பது குப்பத்துக் கட்டு. தலைவர் அப்பாவு அந்தக் கட்டைத் தன் கூடப்பிறந்த தம்பிக்கே தளர்த்தாதவர். "எனுக்குத் தெரியும் அவன் எடுக்கலன்னு. ஆனா கோர்ட்டு அந்த வீடியோவ ஒத்துக்கினா நான் எப்படி எழுதுறது?" என்று சொல்லிவிட்டார். நாளைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவாம். ஜெயிலை இராமலிங்கம் தாங்கிக்கொள்வான். ஏரியில் இடம் போய்விட்டால் அவன் ஆலமேட்டுக் குப்பத்துக்காரனே இல்லை.

குணசுந்தரி சுண்டலை முடித்துவிட்டு, அந்தோணி கையிலிருந்த கம்பெனிச் சான்றிதழை வாங்கினாள். எண்ணைப் பார்க்கவில்லை, நேரே அடிக்குப் போனாள்.

"நிபுணர் வசந்தகுமார், காக்களூர். ஏன் வினோதா, கும்மிடிப்பூண்டி கம்பெனில கம்ப்யூட்டர் தெரிஞ்சவனே கிடையாதா? அங்கருந்து இங்க வர ரெண்டு பஸ்சு மாறணும். அவ்ளோ தூரம் வந்து ஏன் கையெழுத்து வாங்கினான்?"

வினோதா நகத்தை விட்டாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. கையில் இருப்பது இந்த ஒரு நூல்தான், இழுத்துப் பார்க்கலாம் என்று குணசுந்தரி எழுந்தாள். அந்தோணியை எதிர்க்கடைக்கு அனுப்பிப் புது பென்டிரைவ் ஒன்று வாங்கச் சொன்னாள். அட்டையும் பிளாஸ்டிக்குமாக ஒட்டி வந்ததை அவன் பல்லால் கடித்துப் பிரிக்கப் போனபோது கையில் ஒன்று போட்டாள்.

"பிரிக்காத. அப்படியே எடு."

காக்களூர் தொழிற்பேட்டை ஆட்டோவில் பத்து நிமிஷம். லேத் பட்டறைக்கும் அட்டைப் பெட்டி கம்பெனிக்கும் நடுவில் வசந்தகுமாரின் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், ஆதார் திருத்தம் என்று போர்டு. கீழே புதுப் பெயிண்டில், '63 சர்ட்டிஃபிகேட் உடனடி.' உள்ளே இருந்தவனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நெற்றியில் விபூதி, காதில் பென்சில். இந்த முகத்தைப் பார்த்தால் சதிகாரன் என்று சொல்ல அந்தோணிக்கே மனசு வரவில்லை.

இருந்தாலும் கடமை கடமைதான். பக்கத்து வீட்டுக்காரன் ஆடு தன் ஆட்டோ சீட்டைத் தின்கிறது, கேஸ் போடப் போகிறேன், தின்றதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னான். அட்டையோடு பென்டிரைவை நீட்டினான்.

வசந்தகுமார் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. பேர் என்ன, ஆட்டுக்காரன் பேர் என்ன, எந்தக் கோர்ட் என்று மூன்றே கேள்வி. டைப் அடித்தான், பிரிண்ட் போட்டான், நிபுணர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு ரப்பர் ஸ்டாம்ப் வைத்தான். அந்தோணி டீ குடித்து முடிக்கவில்லை, அதற்குள் சான்றிதழ் சூடாகக் கைக்கு வந்துவிட்டது. தயாரித்த ஆலையைத் தவிர வேறு யாரும் தொடாத பென்டிரைவில் ஆடு ஒன்று ஆட்டோ சீட்டைத் தின்றது உண்மை என்று சட்டப்படி சான்றாகிவிட்டது.

அதுவரை காலண்டர் வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்த குணசுந்தரி முன்னால் வந்தாள். புதுக் காகிதத்தையும் கம்பெனிக் காகிதத்தையும் கவுன்டர் மேல் ஒட்டி வைத்தாள். மூன்று, எஃப், ஒன்பது, ஏ. மூன்று, எஃப், ஒன்பது, ஏ. கடைசி எழுத்து வரைக்கும் இரண்டும் ஒன்று.

"இன்னா நைனா" என்றான் அந்தோணி, "என் ஆடும் செம்புக் கம்பியும் ரெட்டைப் புள்ளைங்களா?"

வசந்தகுமார் பயப்படவில்லை. அவனுக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஃபார்மட்டில் இருக்கிற நம்பர்தானே அது, அதை யாரும் மாற்றக் கூடாதில்லையா என்று எதிர்க்கேள்வி கேட்டான். ரேஷன் கார்டு ஃபாரமோ பட்டா ஃபாரமோ, எதை எடுத்தாலும் அரசாங்கக் காகிதத்தில் எங்காவது ஒரு நீளமான நம்பர் இருக்கும். அதில் கை வைத்தால் ஃபாரமே செல்லாது. பதினைந்து வருஷமாக அவன் அந்த மரியாதையோடுதான் தொழில் செய்கிறான். சட்டம் வந்த புதிதில் ஒரு தடவை மட்டும் முறைப்படி செய்து பார்த்தானாம். இலவச சாஃப்ட்வேரை இறக்கி, அப்போது டெஸ்க்டாப்பில் கிடந்த ஒரு ஃபைலைப் போட்டு நம்பர் எடுத்து, ஃபாரத்தில் ஒட்டி, அப்படியே ஃபார்மட்டாக சேவ் செய்துவிட்டான். அதிலிருந்து பேரும் தேதியும் மட்டும்தான் மாற்றம்.

"இன்னா ஃபைலுபா அது?" என்று குணசுந்தரி கேட்டாள்.

அவன் தேடி எடுத்துப் போட்டான். நாதஸ்வரம் அலறியது. ஊஞ்சலில் ஒரு பெண் பட்டுப்பாவாடையோடு வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழா.

அந்தோணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்த இரண்டு வருஷத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை வாடகைத் தகராறு, எத்தனை செக் மோசடி, எத்தனை விவாகரத்து அந்தப் பெண்ணின் மஞ்சள் நீராட்டின் பேரில் சத்தியம் செய்திருக்கிறது என்று கணக்குப் போட முயன்று, விட்டுவிட்டான். சிரிப்பை அடக்குவது பேஜாராக இருந்தது. நாளைக்குக் கம்பெனி வக்கீல் மூஞ்சியில் இதை எறிந்தால் போதும், அவர்கள் வீடியோ செத்தது, இராமலிங்கம் ஊட்டுக்குப் போகலாம் என்று குணசுந்தரியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. வசந்தகுமாரின் கம்ப்யூட்டரில் சான்றிதழ்களின் வரிசையை நகர்த்திக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

'அட்வகேட் வினோதா. செங்கம்மாள் போன் வீடியோ. ஆலமேட்டுக் குப்பம்.'

அந்தோணிக்கு சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

வினோதாவுக்குப் போன் போட்டார்கள். தன் குமாஸ்தா சுப்பிரமணிதான் அந்தச் சான்றிதழை வாங்கி வந்தார், எங்கே வாங்கினார் என்று தான் கேட்கவில்லை என்றாள். சுப்பிரமணியிடம் கேட்டபோது மனுஷன் பெருமையோடு சொன்னார், காக்களூர் கடையைக் கண்டுபிடித்ததே நான்தான், டீக்கடையில் எல்லா குமாஸ்தாவுக்கும் அட்ரஸ் கொடுத்தேன், கும்மிடிப்பூண்டி கம்பெனி வக்கீலோட குமாஸ்தாவுக்கும்தான் என்று. காலையிலிருந்து துரத்தி வந்த மர்மம் அவ்வளவுதான். சதியும் இல்லை, ஒன்றும் இல்லை. டீக்கடையில் கொடுத்த அட்ரஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

"அக்கா, நான் அவங்க நம்பரைத் தொட்டா அவங்க என் நம்பரைத் தொடுவாங்க" என்றாள் வினோதா. "ரெண்டும் போயிடும். நாப்பது சொந்தக்காரங்க மட்டும்தான் மிச்சம். அந்த அம்மா என்னை நம்பி ஏ பகுதில கையெழுத்துப் போட்டாங்க. நான் ஒரு தடவை அந்த நம்பரைச் சரிபார்த்திருந்தா போதும்."

வசந்தகுமாருக்கு இப்போதுதான் விஷயத்தின் கனம் ஏறியிருந்தது. உங்களுக்கு மட்டும் சரியான நம்பர் எடுத்துப் புதுசாக ஒன்று அடித்துத் தருகிறேன், பழைய தேதியே போட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். அந்தோணிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, அதை மறைக்கவும் இல்லை. அவனும் குப்பத்துக்குப் போய் இராமலிங்கம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டவன்.

குணசுந்தரி அந்தச் சான்றிதழின் ஏ பகுதியை உதடு அசைத்து மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்டாக இருந்த பழக்கம். பத்தொன்பது வருஷமும் அவள் அடித்த காகிதங்களைக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் படித்து அவள் பார்த்ததில்லை.

"வினோதா, சான்றிதழ் தப்பா போனா திருத்திப் புதுசு போடலாம் இல்ல?"

போடலாம், வழக்கு முடிகிறதுக்குள் எப்போது வேண்டுமானாலும் கோர்ட் அனுமதிக்கும் என்றாள் வினோதா. ஆனால் கம்பெனிக்கும் அதே சலுகை உண்டு.

"கம்பெனிக்கும் சேத்தே நீ கேளு. நாளைக்குக் கோர்ட்லயே, அவங்க மெஷின்லருந்தே நம்பர் எடுக்கட்டும். உன் காகிதம் பொய்யின்னு மொதல்ல நீயே சொல்லிடு." போனை வைத்துவிட்டு வசந்தகுமாரிடம் திரும்பினாள். "நீயும் காலைல வந்து நடந்ததைச் சொல்லிடுப்பா. நீயா சொன்னா அது தெரியாம செஞ்சது. நாங்க சொன்னா 318."

இந்த நம்பர் முதல் தடவையாக ஒருத்தனுக்கு உறைத்ததை அந்தோணி பார்த்தான்.

மறுநாள் பொன்னேரி கோர்ட்டில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. கடைசி பெஞ்சில் அந்தோணிக்குப் பக்கத்தில் அப்பாவு வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் இராமலிங்கம் அவர் பக்கமே திரும்பாமல் நின்றான். மேனேஜர் பாஸ்கர் சாட்சிக் கூண்டில் ஏறி, வீடியோ எங்கள் கேமராவில் பதிவானது, சான்றிதழில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், படித்துப் பார்த்துத்தான் போட்டேன் என்று சொல்லி முடித்தார். கையில் லேப்டாப் பை, வீடியோவைப் போட்டுக் காட்டத் தயாராக வந்திருந்தார். அரசு வக்கீல் அதைச் சான்றாவணமாகக் குறிக்கக் கேட்டபோது வினோதா எழுந்தாள்.

"யுவர் ஆனர், அதுக்கு முன்னாடி நான் தாக்கல் செஞ்ச சான்றிதழைத் திரும்ப வாங்கிக்க அனுமதி கேக்கிறேன். அதுல இருக்கிற நம்பர் பொய். நான் சரிபார்க்கல, தப்பு என்னோடது."

கம்பெனிக்காக வந்திருந்த மூத்த வக்கீல் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கல்யாணக் களை. மாஜிஸ்திரேட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொந்த ஆவணத்தையே பொய் என்று சொல்கிற வக்கீலைத் தான் இதற்குமுன் பார்த்ததில்லை என்றார். வினோதா தன் சான்றிதழின் நகலை நீட்டினாள். பக்கத்தில் கம்பெனிச் சான்றிதழை வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். பிறகு மூன்றாவதாக அந்தோணியின் ஆட்டுச் சான்றிதழையும், அட்டை பிரிக்காத பென்டிரைவையும் வைத்தாள்.

மாஜிஸ்திரேட் மூன்று காகிதத்தையும் வரிசையாகப் பார்த்தார். பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"தெரியாதுங்க. இன்னும் யாரும் பிரிக்கல."

மூத்த வக்கீல் முகத்தில் இருந்த கல்யாணம் அத்தோடு கலைந்தது. வசந்தகுமாரைக் கூப்பிட்டார்கள். அவன் ஃபார்மட்டைப் பற்றிச் சொன்னான், மஞ்சள் நீராட்டைப் பற்றியும் சொன்னான். கோர்ட்டில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெஞ்ச் கிளார்க் இருமுவது மாதிரி ஆரம்பித்தார், மாஜிஸ்திரேட் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஊரில் எந்தெந்தக் கோர்ட்டில் இந்த எண் கிடக்கிறது என்பதை ஜில்லா ஜட்ஜுக்கு எழுதப் போவதாக அந்த அம்மாள் சொன்னபோது வசந்தகுமாருக்கு விபூதியெல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது.

இரண்டு சான்றிதழும் தள்ளுபடி என்றதும் அரசு வக்கீல் வழக்கம்போல வாய்தா கேட்டார். வினோதா ஆட்சேபித்தாள். மேனேஜரிடம் லேப்டாப் இருக்கிறது, செங்கம்மாளின் போன் வராந்தாவில் இருக்கிறது, கோர்ட்டின் கம்ப்யூட்டர் உதவியாளரும் இருக்கிறார். இரண்டு வீடியோவுக்கும் இப்போதே உண்மையான எண்ணை எடுக்கட்டும், ஏ பகுதியில் இருவரும் இங்கேயே கையெழுத்துப் போடட்டும், நிபுணர் கையெழுத்தை அரசு ஆய்வகத்தில் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். நியாயமாகத்தான் இருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட்.

கால் மணி நேரத்தில் பாஸ்கர் கைக்குப் புதுக் காகிதம் வந்தது. பேனாவைத் திறந்துகொண்டு அடிக்குப் போனவரை மாஜிஸ்திரேட் நிறுத்தினார்.

"சத்தமா படிச்சிட்டுப் போடுங்க."

பாஸ்கர் படித்தார். இந்தச் சாதனம் என் பொறுப்பில் இருந்தது என்பது வரை குரல் கணீரென்று வந்தது. குறிப்பிட்ட நாளில் அது சரியாக இயங்கியது என்ற இடத்தில் தண்ணீர் கேட்டார். இந்தப் பதிவு அந்தச் சாதனத்தில் அந்த நாளில் உண்டானது, நான் அறிந்தவரை உண்மை என்ற வரிக்கு வந்தபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. புது எண் அந்த லேப்டாப் ஃபைலை இனி யாரும் தொட முடியாமல் கட்டிப்போட்டுவிடும். ஆய்வகத்துக்காரன் மூலப் பதிவு கிடக்கும் கேமரா பெட்டியைத் திறந்து ஒப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் வெறும் பின்கேட்தான் இருக்கும் என்பது அந்த அறையில் மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். மூத்த வக்கீலைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை படிச்சிட்டுத்தானே போட்டீங்க?" என்று வினோதா மெதுவாகக் கேட்டாள்.

பாஸ்கர் பேனாவை மூடினார். எனக்கு நினைவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று என்னமோ முணுமுணுத்தார். சாட்சி கையெழுத்திட மறுத்தார் என்று மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டார். லேப்டாப்பையும் கேமரா பெட்டியையும் அன்றே ஒப்படைக்கும்படி சொன்னார்.

செங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். ஈரம் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்ட போனோடு அவள் வந்து நின்றாள். சுப்பிரமணி பழக்கதோஷத்தில் அவள் கையில் பேனாவைக் கொடுத்து, இங்க ஒரு கையெழுத்து என்று இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சார். மொதோ தபா நீ படிச்சிக் காட்டல, நானும் கேக்கல. இந்த தபா படி."

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்ச் கிளார்க்கே எழுந்து வந்து தமிழில் வரி வரியாகச் சொன்னார். போன் உன்னுதா, ஆமா. அன்னிக்கு நல்லா இருந்துச்சா, ஆமா, பட்டன் ஒண்ணு மட்டும் போயிருந்துச்சி. நீதான் எடுத்தியா, ஆமா, அவரு சீட்டு எடுக்கறப்ப என் கை ஆடிச்சி, நல்ல எடம் விழுந்திச்சின்னு சந்தோசத்துல. ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வாங்கினாள். தன் பேரை எழுத்து எழுத்தாக எழுதி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷமும் கோர்ட் காத்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் அந்தோணி அதற்கு ஒரு கிண்டல் சொல்லிப் பார்க்கலாம் என்று தேடினான், அகப்படவில்லை.

வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. வராந்தாவில் இராமலிங்கம் அப்பாவுவுக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். குப்பத்திலிருந்து கூட வந்திருந்த ஒருவர், தீர்ப்பு இன்னும் வரலையே தலைவரே, கட்டுன்னு ஒண்ணு இருக்குதே என்று இழுத்தார்.

அப்பாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆளு பேனாவ மூடுனதை நான் என் கண்ணால பாத்தேன்பா. இன்னும் இன்னா தீர்ப்பு." பிறகு இராமலிங்கத்திடம், "ஞாயித்துக்கெழமை லேட்டா வராத. உன் பேரை நான் எழுதி வைக்கிறேன்" என்றார்.